யாருமில்லாத பாத்தியின் வெயில்

ஒரு பப்பாளி மரத்துக்காக ஒருவர் மேல் வருஷக்கணக்கில் கோபமாக இருக்க முடியுமா என்று என் மனைவி கேட்பாள். முடியும். நான் இருந்திருக்கிறேன். இப்போதும் கொஞ்சம் இருக்கிறேன்.

அந்த மரம் என் பாத்தி ஓரத்தில் தானாக முளைத்தது. நான் தண்ணீர் மட்டும்தான் விட்டேன். ஆள் உயரம் தாண்டி, கழுத்தைச் சுற்றிக் காய்கள் நெருக்கிக்கொண்டு நின்ற சமயத்தில் டேப்பு அக்கா வந்தார். தையல்காரர். அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும், அதனால் அந்தப் பெயர். சாயங்கால வெயில் சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. என் மரத்தின் நிழல் என் பாத்தியைத் தாண்டி, பக்கத்துப் பாத்தியில் கால் நீட்டிப் படுத்திருந்தது. அக்கா குனிந்து நாடாவை விரித்து அந்த நிழலை அளந்தார்.

"வெல்டரே, ரெண்டு முழம் வெளிய போகுது. எடுத்துடு."

"அக்கா, பக்கத்துப் பாத்தி காலி. அங்க ஆளே இல்லை. யாருக்கு மறைக்குது?"

"இன்னிக்கு இல்லை. நாளைக்கு யாராவது வருவாங்க."

"வரட்டும். வந்த அன்னிக்கே வெட்டிடறேன்."

"வந்த அன்னிக்கு அவங்க உன் மூஞ்சியையும் மரத்தையும் பாத்துட்டு, 'பரவாயில்லைண்ணே, இருக்கட்டும்'னு சொல்லிடுவாங்க. புதுசா வர்றவங்க வேற என்ன சொல்லுவாங்க? எடுத்துடு."

"பழுக்கவாவது விடுங்க."

"இது பழுத்தா மேல இன்னொண்ணு பிஞ்சு விட்டிருக்கும். அதையும் பழுக்க விடச் சொல்லுவ."

வெட்டினேன். காய்களைத் தோட்டத்தில் எல்லாருக்கும் பங்கு போட்டார்கள். என் பங்கை நான் தொடவில்லை. அந்தப் பாத்திக்கு ஒரு நர்ஸம்மா வந்து சேர்ந்தபோது மழையே முடிந்துவிட்டது. அதற்குள் என் பப்பாளி ரெண்டு தடவை பழுத்திருக்கும் என்பது இன்றைக்கும் என் கட்சி.

எங்கள் தோட்டம் தண்ணீர்த் தொட்டிக்கும் அச்சகத்தின் பின்சுவருக்கும் நடுவில் இருக்கிறது. முன்பு ஓடாத பஸ்களை நிறுத்தி வைத்த இடம். மண்ணைக் கிளறினால் இப்போதும் போல்ட்டும் நட்டும் கிடைக்கும். நடுவில் கிழக்கு மேற்காக ஒரு பாதை, இரண்டு பக்கமும் பாத்திகள், குடும்பத்துக்கு ஒன்று. எல்லாருக்கும் ஒரே குழாய். வெயில் ஏறிய பிறகுதான் தொட்டியில் தண்ணீர் திறப்பார்கள், பொழுது சாய்வதற்குள் மூடிவிடுவார்கள். மத்தியானம் அங்கே நின்றால் கண் கூசும். அச்சகத்தின் இயந்திரம் சுவருக்கு அந்தப் பக்கம் தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் கீரையெல்லாம் மெதுவாகத் தலையாட்டுவது போலத் தோன்றும். நம் நிழல்கூட அந்த வெயிலுக்குப் பயந்து, நாய்க்குட்டி மாதிரி காலடியில் சுருண்டுவிடும்.

ஆரம்பத்தில் அங்கே விதி என்று ஒன்றும் கிடையாது. அவரவர் இஷ்டம்தான். ஒருவர் சோளம் போட்டார். பக்கத்துத் தக்காளி வெளிறிப்போனது. தக்காளிக்காரர் கோபத்தில் பந்தல் போட்டார். அதற்குப் பக்கத்தில் மிளகாய் பூக்கவில்லை. குழாயடியில் இரண்டு பேர் பூவாளியால் அடித்துக்கொண்ட அன்றைக்குத்தான் டேப்பு அக்கா முதன்முதலாக வாயைத் திறந்தாராம். இதெல்லாம் நான் வருவதற்கு முன்பு.

"வெயிலும் துணி மாதிரிதான். நம்மகிட்ட இருக்கறது ஒரு துண்டு. ஒருத்தருக்கு முழுக்கை வெச்சா இன்னொருத்தருக்குக் காலர் இருக்காது. நான் வெட்டட்டுமா?"

வெட்டுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து அவர்தான் தலைவர். மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கு மட்டும் அவ்வப்போது தோன்றியது. அவர் வைத்த விதிகள் கொஞ்சம்தான். உன் நிழல் உன் பாத்திக்குள். ஒரு பருவம் முழுக்க நீ வராவிட்டால் பாத்தி வரிசையில் அடுத்தவருக்கு; உனக்காக வேறு ஒருவர் செய்த வேலை கணக்கில் வராது. எல்லாரும் கூடி முடிவு செய்ய வேண்டியதைப் பூவாளி வைத்து முடிவு செய்வது: சம்மதம் என்றால் குழாய்க்கு வலப்பக்கம் வை, இல்லையென்றால் இடப்பக்கம் வை. விதிகளை எழுத இரும்புப் பலகை அடித்துக் கொடுத்தவன் நான். என் மரத்தை வெட்டிய வரியும் அதில்தான் இருக்கிறது.

அவருடைய கடையும் ஒரே அறைதான். ஒரு பாதியில் அவர் தைப்பார், மறு பாதியில் அவர் தம்பி இஸ்திரி போடுவார். நீராவி வாசமும் இயந்திர எண்ணெய் வாசமும் கலந்து, உள்ளே போனாலே தூக்கம் சொக்கும். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே தோட்டத்து வழக்குகளை விசாரிப்பார். அப்போது எதிர்த்துப் பேச யாருக்கும் துணிச்சல் வராது. பதில் சொல்ல அவர் வாயைத் திறந்து ஊசி ஒன்றை விழுங்கிவிட்டால் யார் பொறுப்பு?

ஒரு நாள் மத்தியானம் அவரே அந்தப் பாதையில் மயங்கி விழுந்தார். நர்ஸம்மாவும் நானும்தான் தூக்கிப்போய்ச் சேர்த்தோம். இனிமேல் வெயிலில் நிற்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

தோட்டத்தில் ஒதுங்க ஒரு விரற்கடை நிழல் கிடையாது. துரத்தியது யார்? அவர்தான். பருவம் முடிவதற்குள் அவர் வர முடியாவிட்டால் பாத்தி போய்விடும். அதைச் சொல்லி எடுத்துக் கொடுக்கப்போகிறவரும் அவரேதான்.

"நாங்க தண்ணி விட்டுக்கறோம் அக்கா, நீங்க வீட்ல இருங்க" என்றார் நர்ஸம்மா.

"நீ தண்ணி விட்டா அது உன் பாத்தி."

"உங்க பாத்தி மேல ஒரு கூரை போட்டுக் குடுக்கறோம்."

"சாயங்காலம் அதோட நிழல் பக்கத்துல விழும். பலகையப் படி."

இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏன் என்று கேட்காதீர்கள். பட்டறையில் பழைய சைக்கிள் சக்கரங்கள் நாலு சும்மா கிடந்தன, அவ்வளவுதான்.

பாதை யாருடைய பாத்தியும் இல்லை. கிழக்கு மேற்காகப் போகிறது. சூரியனும் அப்படித்தான் போகிறது. சக்கரம் வைத்த ஒரு பந்தல் இருந்தால், காலையில் அதை அக்காவுக்குக் கிழக்கே நிறுத்தலாம், மத்தியானம் தலைக்கு மேலே, சாயங்காலம் மேற்கே. நிழல் பாதையைத் தாண்டாது. இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்து, மேலே போட என்ன துணி என்று கேட்கக் கடைக்குப் போனேன். அக்கா வெட்டுத் துண்டுகள் போட்டு வைத்த மூட்டையை இழுத்தார். நர்ஸம்மாவின் வெள்ளை, என் பாத்திக்கு மறுபக்கத்து பஸ் கண்டக்டரின் சட்டைத் துணி, யார் வீட்டு ஜன்னல் திரையோ, என் மகள் பள்ளிக்குப் போட்ட பாவாடையின் நீலம். ஊரே உடுத்திக் கழித்த மிச்சத்தையெல்லாம் சேர்த்து ஒரே விரிப்பாகத் தைத்தார். தம்பி அதை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். பந்தலுக்கு எதற்கு இஸ்திரி என்று கேட்டால், "எங்க கடையிலிருந்து போகுதுல்ல" என்றார்.

கூட்டம் பாதையில் நடந்தது. எல்லாரும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தோம். தன் விஷயம் என்பதால் அக்கா தன் பூவாளியை மடியில் வைத்துக்கொண்டு வெளி வாசலில், தம்பி பிடித்த குடைக்குக் கீழே உட்கார்ந்துவிட்டார்.

கண்டக்டர்தான் எழுந்தார். "இன்னிக்கு வண்டி. நாளைக்கு நான் கட்டிலோட வருவேன், அதுக்கும் பூவாளி வைப்பீங்களா?"

"நீ பஸ்ஸுலயே தூங்கறவன், உனக்கு எதுக்குக் கட்டில்?" என்றேன்.

"நீ பேசாத வெல்டரே. பப்பாளிக்காக இத்தனை வருஷம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தவன், இப்ப அந்தம்மாவுக்குத் தேர் செஞ்சு கொண்டு வந்திருக்க."

"என் பப்பாளி என் விஷயம்."

"உன் விஷயமா? உன் பாத்தி காலியாக் கெடந்தப்ப நான் பக்கத்துல அவரைக்கொடி ஏத்தியிருந்தேன். பூ பூத்து அவ்வளவு அழகா இருந்துச்சு. இறக்கச் சொன்னாங்க. யாருக்குன்னு கேட்டேன், வர்றவனுக்குன்னாங்க. வந்தது யாரு? நீ! இந்த மூஞ்சிக்கா என் கொடிய இறக்கினேன்னு நான் எத்தனை நாள் நொந்துக்கிட்டேன் தெரியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது அதுவரை தெரியாது.

கண்டக்டர் தன் பூவாளியை எடுத்துக்கொண்டு போய் வலப்பக்கம் வைத்தார். "ஆனா ஒண்ணு. அது பொது வண்டி. யார் தள்ளாடினாலும் அதுக்குக் கீழ உட்காரலாம்." அதன் பிறகு இடப்பக்கம் ஒரு பூவாளிகூடப் போகவில்லை.

அத்தோடு முடிந்ததா? டேப்பு அக்கா விடுவாரா? ஒரு நாள் முழுக்க வண்டியை ஓட்டிப் பார்த்துத்தான் சம்மதிப்பேன் என்றார். சாயங்காலம் நாடாவை உருவினார். சூரியன் கொஞ்சம் சாய்ந்து போகிற காலம். துணியின் ஒரு முனை நிழல் கண்டக்டரின் வெண்டைக்குள் ஒரு சாண் புகுந்திருந்தது.

"வெட்டணும் வெல்டரே."

"அக்கா! உங்களுக்காக செஞ்ச வண்டி இது!"

"அதான் சொல்றேன். ஒரு சாண்."

கண்டக்டர் அவசரமாக, "பரவாயில்லைக்கா, வெண்டைதானே" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் குழாயை வெட்டினேன்.

அதன் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. மேலே சூரியன் போகும், கீழே அதற்குத் துணையாக என் வண்டி போகும். தள்ளுவதற்கென்று யாரையும் நியமிக்கவில்லை. பாதையில் போகிற எவரும் தோளால் ஒரு இடி இடித்துவிட்டுப் போவார்கள், அது ஒரு அடி நகரும். துணி வழியாக வெயில் வடிகட்டி விழும். பாதை மண்ணில் நீலமும் மஞ்சளும் சிவப்புமாகச் சதுரங்கள் மெதுவாக ஊர்ந்து போகும். அந்த நிறங்களுக்கு நடுவில் அக்கா மணையில் உட்கார்ந்து களை பிடுங்குவார். கையில் நீலம் விழும், கன்னத்தில் மஞ்சள். அச்சகத்துத் தாளத்தில் கண் செருகி, களையைப் பிடித்த கையோடு அப்படியே தூங்கிவிடுவார். வண்டி தன்னைத் தாண்டிப் போவதுகூடத் தெரியாது. நிழல் விலகி நெற்றியில் வெயில் பட்டால் அவர் எழுவதற்குள் யாராவது ஓடிப்போய்ச் சரியாக நிறுத்துவோம். தோட்டமே அவர் தூங்குவதற்காகச் சத்தமில்லாமல் தண்ணீர் ஊற்றியது. என் மனைவி களைக்கொத்தைக்கூட மண்ணில் மெதுவாக இறக்குவாள். வீட்டில் பாத்திரத்தை அப்படி வைத்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பருவம் பாத்தி அவரிடமே இருந்தது. அடுத்ததும். அதற்கடுத்ததில் பாதியில் படுத்துவிட்டார்.

கடைக்கு மேலே அவர் படுத்திருந்த அறைக்கு ஒரு மத்தியானம் போனேன். கீழே தம்பி இஸ்திரி போடும் சத்தம், தரை வழியாக மூச்சு மாதிரி வந்துகொண்டிருந்தது. ஜன்னல் வெயில் தரையில் ஒரு சதுரமாக விழுந்திருந்தது. அக்கா தலையைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாடா கட்டில் தலைமாட்டில் தொங்கியது.

"வா வெல்டரே. பப்பாளி ஏதும் முளைச்சிருக்கா?"

"முளைச்சா உங்ககிட்டச் சொல்லுவேனா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமானது. பிறகு, "வண்டி எங்க நிக்குது?" என்றார்.

"உங்க பாத்திகிட்டதான் அக்கா. பாதைய அடைக்காம பாத்தி மேலயே ஏத்தி விட்டு வெச்சிருக்கோம். யாருக்கும் நகர்த்த மனசு வரலை."

"யாராவது உட்கார்றாங்களா?"

"இல்லை."

"அப்ப நாளெல்லாம் ஒரே இடத்துல நிக்குது." கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். தரையிலிருந்த வெயில் சதுரம் கட்டில் காலைத் தொட்டபோது மறுபடி பேசினார். "சாயங்காலம் நிழல் எங்க விழுது?"

நான் பார்த்திருக்கிறேன். சொல்லப் பிடிக்கவில்லை. "உங்க பாத்தி மேலதான். உங்களுதுதானேக்கா, விழட்டுமே."

"செடி?"

"வெளிறியிருக்கு."

"ம்." கையை நீட்டித் தலைமாட்டில் எதையோ தேடினார். நாடாவை எடுத்துக் கையில் கொடுத்தேன். அதை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி ஜன்னலைப் பார்த்துப் பேசினார்.

"இன்னும் கொஞ்ச நாள்ல அது காலிப் பாத்தி. அங்க ஆள் இருக்காது. வரிசையில அடுத்து யாருன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரிய வேணாம். வண்டியத் தள்ளிடு வெல்டரே. அவங்க வந்து, அதைப் பாத்து, பரவாயில்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி தள்ளிடு."