எங்கள் இணையதளத்துக்கு மட்டும் முடியாத ஆடி

ராஜபாளையத்தில் என் மனைவி செல்வி நைட்டி தைக்கும் சின்ன யூனிட் நடத்துகிறாள். வெளியூர் ஆர்டர் வந்தால்தான் தீபாவளிவரை எல்லா மெஷினும் ஓடும் என்ற நிலை. அதற்காக ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் மச்சினன் கண்ணன் ஓர் இணையதளம் செய்து தந்தான்.

மாமியார் தடுத்தார். "ஆடி மாசம் எவனாது கடை தொறப்பானா? ஆவணி பொறக்கட்டும்."

"அதுவரைக்கும் யார் கண்ணுலயும் படாது அத்தான்" என்ற கண்ணன், தேடலில் இந்தத் தளத்தைக் காட்ட வேண்டாம் என்னும் கட்டத்தில் டிக் போட்டுவைத்தான்.

ஆவணி முகூர்த்தத்தில் கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைத்து, சூடம் காட்டினோம். யூனிட் வாசலில் புதிதாக மாட்டியிருந்த கடைப் பலகையை மூடியிருந்த பழஞ்சேலையை உருவினோம். டிக்கை எடுக்க ஒருவருக்கும் நினைவில்லை.

பிறகு வெறும் காத்திருப்பு. முகவரியை முழுதாக அடித்தால் தளம் பூவாய் விரிந்தது. கடைப் பெயரைத் தேடினால் யார் யாரோ வந்தார்கள், நாங்கள் வரவில்லை. நெட்வொர்க்கைத் திட்டினேன், போனைத் திட்டினேன், மழையைக்கூட விடவில்லை.

"ஊருக்குத் தெரியாம கல்யாணம் முடிச்ச மாதிரில்லா இருக்கு!" என்றாள் செல்வி.

புரட்டாசிக் கடைசியில் கண்ணன் வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "அத்தான், இதுக்கு இன்னும் ஆடியே முடியல!"

டிக்கை எடுத்த பிறகும் தேடலில் எங்கள் பெயர் வரச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் தீபாவளி போய்விட்டது. வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் மில்லுக்குப் போய்விட்டார்கள். இப்போது ஆர்டர் வருகிறது, தைக்கத்தான் ஆளில்லை.

புதிதாக எதைத் திறந்தாலும் இப்போதெல்லாம் முதலில் அந்தக் கட்டத்தைப் பார்க்கிறேன், பிறகுதான் சூடம். துணி போர்த்திக் கிடக்கும் அந்த இரண்டு மெஷின்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்க்கிறேன்.