பயந்தவள் கழுத்தில் விசில்

பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் போதும், ஆற்றங்கரை வீடுகள் முப்பத்திரண்டிலும் யாரைச் சொல்கிறோம் என்று புரிந்துவிடும். குக்கர் விசில் அடித்தால் அடுத்த அறைக்கு ஓடுகிறவள். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று திரும்பி வருகிறவள். அப்படிப்பட்டவள் கழுத்தில்தான் ஊர் ஒரு விசிலை மாட்டிவிட்டது. வேடிக்கைக்கு இல்லை, நன்றாக யோசித்துத்தான் மாட்டினார்கள்.

ஊருக்கு மேலே ஆறு இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே புகுந்து வருகிற இடத்தை இடுக்கு என்பார்கள். அரைக் கிலோமீட்டர் தூரம், முழங்கால் தண்ணீரில் நடக்கலாம். தலைக்கு மேலே வானம் ஒரு கயிற்று அகலம்தான் தெரியும். அதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்து, பாட்டிலும் பையும் வீசிவிட்டுப் போன காலம் உண்டு. பிறகு ஒரு கம்பெனி வந்து பாறையை வெட்டிப் படி கட்டுகிறேன் என்றது. அப்போதுதான் ஊர் விழித்துக்கொண்டது. எங்கள் இடுக்கை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று கமிட்டி போட்டு அனுமதி வாங்கினார்கள். நாளுக்கு நாற்பத்தெட்டுப் பேருக்கு மேல் கிடையாது. ஒரு குழு வெளியே வந்த பிறகுதான் அடுத்த குழு. வாரத்தில் ஒரு நாள் இடுக்குக்கு விடுமுறை. வழிகாட்டிகள் எல்லோரும் ஊர்க்காரர்கள். அவள் கணவனும் அதில் ஒருவன்.

மேலே மலையில் மழை பெய்தால், இங்கே வெயில் காயும்போதே வெள்ளம் வந்துவிடும். உள்ளே இருப்பவர்களுக்கு ஓட இடமில்லை. அதனால் சுவரில் உயரத்தில் இயற்கையாக இருந்த மூன்று திட்டுகளுக்கு இரும்பு ஏணி மாட்டினார்கள். இடுக்கின் மேல்வாயில் ஒரு பாறை மேல் ஒருவர் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட விசில் ஒன்று கேட்டால் திட்டில் ஏறு. குட்டை விசில் இரண்டு கேட்டால் இறங்கு. அந்தச் சுவர்களுக்குள் வாக்கி டாக்கி எடுக்காது; வெளியே, மேல்வாய்க்கும் கீழ்வாய்க்கும் இடையே பேசத்தான் அது.

முதலில் ஊரிலேயே பெரிய நீச்சல்காரனைத்தான் உட்கார வைத்தார்கள். இடுப்பளவு வெள்ளம் அவனுக்கு வெள்ளமாகவே தெரியவில்லை. இதெல்லாம் ஒரு தண்ணியா என்று இருந்துவிட்டான். இரண்டு பேர் மயிரிழையில் தப்பினார்கள். கமிட்டிச் செயலாளர் முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அன்றைய கூட்டத்தில் அவர் எழுந்தார்.

"அந்தப் பாறை மேல தைரியசாலி உட்காரவே கூடாதுப்பா. இந்த ஊர்லயே அதிகமா பயப்படுற ஆளு யாரு?"

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது. கண்டக்டர் தன் பழைய விசிலையே அவள் கையில் கொடுத்தார்.

இரண்டு வருஷத்தில் யாருக்கும் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. ஆனால் போன பருவத்தில் அவள் நாற்பத்தோரு தடவை ஊதினாள், வெள்ளம் வந்தது மூன்றே தடவை. வந்தவர்கள் பாதி நேரம் திட்டிலேயே நின்றோம் என்று இணையத்தில் எழுதித் தீர்த்தார்கள். கமிட்டி மறுபடி கூடியது. தண்ணீர் கலங்க வேண்டும், குச்சியும் சருகும் மிதந்து வர வேண்டும், பாறையில் போட்ட வெள்ளைக் கோட்டைத் தண்ணீர் தொட வேண்டும். இந்த மூன்றில் குறைந்தது இரண்டு தெரிந்தால்தான் ஊதலாம் என்று எழுதி அவளிடம் நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டாள். மறுத்துப் பேசவும் அவளுக்குப் பயம். அவள் பயத்துக்கே அளவு போட்டுவிட்டோம் என்று இவர்கள் நினைத்துக்கொண்டார்கள், பாருங்கள்.

அன்று காலை பதினோரு மணி இருக்கும். அனுமதியைப் புதுப்பிக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்த அதிகாரிகள் இரண்டு பேர், பயணிகள் ஒன்பது பேர், அவர்களைக் கூட்டிக்கொண்டு அவள் கணவன், எல்லோரும் உள்ளே இருந்தார்கள். வானத்தில் ஒரு பிசிறு மேகம் இல்லை. தண்ணீரில் அடிக் கூழாங்கல் வரை தெரிந்தது. எதிர்ப் பாறையின் அடியில் எப்போதும் நனைந்தே கிடக்கும் பாசி நான்கு விரல் அகலம் வெளியே வந்திருப்பதை அவள் பார்த்தாள்.

தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் நல்லதுதானே என்று விட்டிருப்பார்கள். அவளோ எழுந்து நின்றுவிட்டாள். இந்த மாதத்தில் தண்ணீர் ஏன் குறைய வேண்டும்? மேலே மரமோ மண்ணோ சரிந்து மறித்திருக்கிறதா? மறித்தால் எவ்வளவு நேரம் தாங்கும்? எழுதிக் கொடுத்த மூன்றில் இது இல்லை. விதிப்படி ஊதக் கூடாது. ஆனாலும் ஒரு நீண்ட விசில் ஊதினாள்.

வாக்கி டாக்கி உடனே கரகரத்தது. கீழ்வாயில் கமிட்டிக் கொட்டகையிலிருந்து கண்டக்டர்.

"என்னம்மா, கலங்கிடுச்சா?"

"இல்லண்ணே, தெளிவாத்தான் இருக்கு. தண்ணி குறையுது."

"குறைஞ்சதுக்கா ஊதின?"

"எனக்குப் பயமா இருக்குண்ணே."

"உனக்கு என்னிக்குத்தான் பயமா இல்ல? உள்ள இருக்கிறது யாருன்னு தெரியுமில்ல? அவங்க கடுப்பாகி வெளிய வந்தா அனுமதி போச்சு. அந்தக் கம்பெனிக்காரன் எப்படா உள்ள வரலாம்னு காத்துக்கிட்டிருக்கான்."

இருபது நிமிஷம் போனது. பாசி இன்னும் இரண்டு விரல் தெரிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. கண்டக்டர் மறுபடி கூப்பிட்டார்.

"போதும்மா. நீ கையெழுத்துப் போட்டிருக்க, ஞாபகம் வச்சுக்க. ரெண்டு விசில் குடு."

ஒரு பக்கம் தண்ணீர். இன்னொரு பக்கம் முப்பத்திரண்டு வீடும் உன்னால்தான் கெட்டோம் என்று தன்னைப் பார்க்கப்போகிற பார்வை. இரண்டில் எதற்கு அதிகம் பயப்படுவது என்று அந்த நிமிஷம் அவளுக்குத் தெரியவில்லை. விசிலை வாயில் வைத்தாள். குட்டையாக இரண்டு ஊதினாள்.

ஏணியில் முதலில் இறங்க வேண்டியவன் வழிகாட்டி. ஆழம் பார்த்த பிறகுதான் மற்றவர்களை இறக்குவான். இப்போது ஏணியில் கால் வைத்திருப்பான், இப்போது தண்ணீரில் நிற்பான் என்று அவள் மனசு ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. மேலேயிருந்து சேற்று வாடையோடு காற்று வந்தது. அதன் பின்னால் லாரியில் ஜல்லி கொட்டுகிற மாதிரி சத்தம். வளைவைச் சுற்றிக்கொண்டு ஆள் உயரத்துக்குச் செம்மண் தண்ணீர், ஒரு முழு மரத்தையும் தள்ளிக்கொண்டு வந்தது.

ஊதினாள். ஊதுவது அவள் காதுக்கே கேட்கவில்லை.

செருப்பை விட்டுவிட்டு, இடுக்கின் விளிம்பை ஒட்டிய ஒற்றையடிப் பாதையில் ஓடினாள். முதல் திட்டு காலியாக இருந்தது. இரண்டாவது திட்டுக்கு மேலே குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தாள். ஏணியின் பாதி வரை தண்ணீர் கொதித்தது. திட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஆட்கள். எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்று. மூன்றாவது முறை எண்ணும்போதுதான், ஏணியின் மேல்கம்பியைப் பிடித்து ஓரமாகக் குந்தியிருந்த பன்னிரண்டாவது தலை தெரிந்தது. அப்படியே பாறையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் வெள்ளம் வடிந்து எல்லோரும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார்கள். அதிகாரிகளில் மூத்தவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். அனுமதிக்கு ஒரு குறையும் வராது என்றார். பிறகு அவள் கணவனிடம் கேட்டார்.

"ரெண்டு விசில் எனக்கே கேட்டுச்சே. ஏன் எங்களை இறக்கல?"

அவன் சிரித்தான். "அது என் வீட்டுக்காரி ஊதினது இல்ல சார். பூட்டின கதவையே மூணு தடவ இழுத்துப் பாக்குறவ. ஒரு மணி நேரத்துக்குள்ள எங்களை இறக்கினதே கிடையாது. யாரோ பிடுங்கி ஊதிட்டாங்கன்னு நெனச்சேன். அதான் நான் இறங்கல."

கண்டக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் சும்மா இருந்திருந்தால் அந்தப் பேச்சு அதோடு முடிந்திருக்கும்.

"நான்தாங்க ஊதினேன்," என்றாள்.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. கண்டக்டர், "நான்தான் ஊதச் சொன்னேன்," என்றார், யாரையும் பார்க்காமல். சொன்னது யாராக இருந்தால் என்ன, ஊதியது அவள் மூச்சுதானே.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் நாலடி முன்னாலேயே நடந்தான். உள்ளே வந்து காலைத் துடைத்துக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டான்.

"நாளைக்கு ரெண்டு விசில் கேட்டா, நான் இறங்கறதா வேண்டாமா?"

படுக்கப் போகும் முன் அவள் கதவைப் பூட்டி, வழக்கம்போல் மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள். அவள் வந்த பிறகு, இத்தனை வருஷத்தில் இல்லாத வழக்கமாக, அவன் எழுந்து போய் ஒரு முறை இழுத்துப் பார்த்தான்.