அண்ணி அழித்த முத்திரைகள்

எங்கள் அண்ணி வனத்துறையில் முத்திரை அடிக்கும் வேலை பார்த்தார். வெட்டலாம் என்று முடிவான மரத்தின் பட்டையைக் கொஞ்சம் செதுக்கிவிட்டு, எழுத்துப் பொறித்த சுத்தியலால் நெஞ்சுயரத்தில் ஓர் அடி, வேரடியில் ஓர் அடி. மேலே இருப்பது வெட்ட வருகிறவனுக்கு. கீழே இருப்பது, சாய்த்தது சரியான மரம்தானா என்று பிறகு சோதிக்க வருகிறவருக்கு. அந்தச் சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணி இறங்கினால் தெருவே ஒதுங்கி வழிவிடும். சுத்தியலம்மா என்றே பேர் வைத்துவிட்டார்கள். அண்ணனிடம் யாராவது வம்புக்கு வந்தால், "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றேன்" என்பான். வந்தவர் பேசாமல் போய்விடுவார்.

அண்ணனுக்கு மரமில்லில் ரம்பப் பல் தீட்டும் வேலை. எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே மரத்தை வெட்டித்தான். அதனால் அண்ணியை, காட்டைக் கட்டிப்பிடித்து அழுகிற ரகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஆனால் காட்டுக்குள் ஓடும் ஓடைக்கு இந்தப் பக்கம் வேறு, அந்தப் பக்கம் வேறு. இந்தப் பக்கம் முன்பே வெட்டி மறுபடி வளர்ந்த காடு. அளவோடு வெட்டினால் இன்னும் வளரும். அந்தப் பக்கம் கோடாலியே படாதது. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்கிக் கிடக்கும், அதன் முதுகில் கன்றுகள் முளைத்திருக்கும். பொந்துக்குப் பொந்து ஆந்தை, வௌவால், தேனீ. "நம்ம தெருவை விட அங்கதான் குடித்தனம் ஜாஸ்தி. சண்டைதான் கம்மி" என்பார் அண்ணி.

துறையின் வரைபடத்தில் அந்த ஓடைதான் எல்லை. முத்திரை அடிப்பவர்கள் ஓடைச் சத்தத்தை இடது காதில் வைத்துக்கொண்டு நடப்பார்கள். பனிமூட்டத்தில் அடுத்த மரமே கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், சத்தம் இடது பக்கம் கேட்கிறவரை எல்லை தாண்டவில்லை என்று அர்த்தம். அண்ணியும் வருஷக்கணக்கில் அப்படித்தான் நடந்தார்.

ஒரு வருஷம் மழை பேயாய்க் கொட்டியது. ஓடை கரையை உடைத்துக்கொண்டு பழைய காட்டுக்குள் புகுந்து புது வழியில் ஓட ஆரம்பித்தது. பழைய தடம் வற்றி, இலை மூடிக் கிடந்தது. அண்ணி பனிமூட்டத்தில் அந்த வறண்ட தடத்தைத் தெரியாமல் தாண்டிவிட்டார். சத்தம் இடது பக்கம்தான் கேட்டது. அடித்துக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலம் தட்டில் கை வைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார். "இன்னைக்கு ஒரு மரம் பாருங்க, நானும் என்கூட வந்த பொண்ணும் கைகோத்தும் சுத்தி வளைக்க முடியல. அடுத்தடுத்து அதே மாதிரி..." அதோடு நின்றுவிட்டார்.

"என்ன ஆச்சு?" என்றான் அண்ணன்.

"நம்ம பக்கத்துல அவ்ளோ பெரிய மரம் ஏதுங்க?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் ரேஞ்சர் முன்னால் போய் நின்றார். ரேஞ்சர் கெட்டவர் இல்லை. அண்ணிக்கு வேலை நிரந்தரமாக வேண்டும் என்று மேலிடத்தில் பேசியவரே அவர்தான். "முத்திரை விழுந்தா மரம் கான்ட்ராக்டரோடதும்மா. அடுத்த வாரம் ரம்பம் போட்டுடுவான். அழிக்கணும்னா முறை என்னன்னு உனக்கே தெரியும். அதுக்கப்புறம் என்னால உன்னைக் காப்பாத்த முடியாது. பேசாம வீட்டுக்குப் போ. நானும் எதுவும் கேக்கல" என்றார்.

முறை இதுதான்: அடித்த கையே அழிக்க வேண்டும். ரேஞ்சரும் கான்ட்ராக்டரும் பார்த்துக்கொண்டிருக்க, தான் அடித்த ஒவ்வொரு முத்திரையையும் குறுக்கே வெட்டி அழித்துவிட்டு, சுத்தியலை ஒப்படைத்துவிட வேண்டும். அப்புறம் அது திரும்பக் கைக்கு வராது. வேலையும் அதோடு போச்சு. துறையில் அதுவரை ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. தப்பாக அடித்தவர் யாரும் இல்லை என்பதா அதற்குக் காரணம்? நல்ல கதை.

"ஓடை பண்ண தப்புக்கு நீங்க ஏன் அண்ணி வேலையை விடணும்?" என்று கேட்டேன்.

"ஓடையா சுத்தியலைத் தூக்குச்சு?" என்றார்.

அண்ணன் கடைசிவரை அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "நீ அழிக்கலைன்னா உனக்குத் தூக்கம் வராது. நீ புரண்டுக்கிட்டே இருந்தா எனக்கும் வராது. போய் அழிச்சுட்டு வந்துடு" என்றான். அவனை எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்தது.

யாரும் கூப்பிடாமலே நானும் காட்டுக்குப் போனேன். அப்போதுதான் அந்த மரங்களைப் பக்கத்தில் பார்த்தேன். அண்ணாந்தால் கழுத்து வலித்தது, உச்சி தெரியவில்லை. கான்ட்ராக்டர் மரியாதையாகத்தான் பேசினார். "கண்ணுல காட்டிட்டு இப்படித் திருப்பி வாங்கிக்கிறியே தங்கச்சி" என்றார்.

"காட்டினதுதாண்ணே தப்பு" என்றார் அண்ணி.

மேல் முத்திரைகளை நின்றபடி வெட்டினார். கீழ் முத்திரைகளுக்கு ஈரமண்ணில் மண்டியிட வேண்டியிருந்தது. சத்தத்தில் ஒரு பொந்திலிருந்து ஆந்தை கிளம்பிப் போய் எதிர்க் கிளையில் உட்கார்ந்து எங்களை முறைத்தது. அண்ணி அதனிடமும் ஒரு மன்னிப்புக் கேட்டார். எல்லாம் முடிந்ததும் சுத்தியலைத் துடைத்து நீட்டினார். ரேஞ்சர் உடனே வாங்கவில்லை, கொஞ்ச நேரம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன். இப்படி ஒரு மனுஷி எங்கள் வீட்டுக்கு வாழ வந்தாரே என்று மனசு நிறைந்துபோனது. கோபமும் இருந்தது, இன்னும் முழுசாகப் போகவில்லை.

அண்ணி ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் சேர்ந்தார். கொதிநீர்ப் புகையில் படுக்கை விரிப்புகளை அலசிப் பிழியும் வேலை. "இதுல எல்லை தாண்டுற வம்பு இல்ல" என்று சிரிப்பார். காட்டைப் பற்றி அவராக ஒன்றும் கேட்டதில்லை.

சில வருஷங்கள் போயின. மரத்தின் விலை ஏறியது. துறை வரைபடத்தைத் திருத்தி, ஓடைக்கு அந்தப் பக்கத்தையும் வெட்டலாம் என்று சொல்லிவிட்டது. அண்ணியிடம் சொல்ல எனக்கும் அண்ணனுக்கும் வாய் வரவில்லை. ஒருநாள் அண்ணியோடு முன்பு காட்டுக்குப் போன பெண் வீட்டுக்கு வந்தாள். இப்போது அண்ணியின் சுத்தியல் அவளிடம் இருக்கிறது. கதவைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"அக்கா, நீங்க அழிச்ச மரத்துல நாங்க அடிக்க முடியாதாம். ஒருதடவை அழிச்ச மரத்துக்கு மறுபடி முத்திரை கிடையாதுன்னு சட்டம் இருக்காம். உங்களுக்கு முன்ன யாரும் அழிச்சதே இல்லையா, அதனால யாருக்கும் தெரியல. அந்த மரங்களைச் சாய்க்காம நடுவுல இருக்கறதையும் வெட்ட முடியாதுன்னு, அந்தத் துண்டை அப்படியே விட்டுட்டாங்க."

அண்ணி அவள் கையைப் பிடித்து உள்ளே உட்கார வைத்தார். "மீதி?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "மீதியில அடிச்சாச்சுக்கா."

வேலை போன அன்றுகூட அழாதவர், அன்று எங்கள் முன்னாலேயே அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"இது அப்பவே தெரிஞ்சிருந்தா, இன்னும் உள்ள போய் எல்லா மரத்துலயும் தப்பு பண்ணியிருப்பேனே."