சித்தி சூப்பர்வைசர் ஆன வருடம்

சித்தி சூப்பர்வைசர் ஆன அன்று வீட்டில் கிண்டிய கேசரியை நான் தொடவில்லை. எனக்கு ஒன்பது வயது. அநியாயம் நடந்துவிட்டது என்பதில் சந்தேகமே இல்லை.

கன்னடம் பேசும் ஊரில், ஒக்கலிபுரத்தில், எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். அம்மாவும் அவள் தங்கையான சித்தியும் ஒரே கார்மெண்ட்ஸில், ஒரே லைனில் சட்டை தைத்தார்கள். அம்மா அதிகம் பேசமாட்டாள். ஆனால் காலர் ஒரு நூல் கோணினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சித்தி தைத்ததில் பாதி திரும்பி வரும். பேச்சில் மட்டும் அவளை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

பதவி வந்த பிறகு தினமும் காலையில் அடுப்படிக்கு வந்து நிற்பாள். "அக்கா, இன்னிக்குப் புது மாடல். யார எங்க உக்கார வெக்கறது?" அம்மா சப்பாத்தி தேய்த்தபடியே, யாருக்குக் கை வேகம், யாரிடம் சட்டையின் கைப்பட்டி தைக்கக் கொடுக்கக்கூடாது என்று சொல்லுவாள். சித்தி கேட்டுக்கொண்டு போய் அங்கே பெயர் வாங்குவாள். எனக்கு வயிறு எரியும்.

ஆயுதபூஜைக்குக் கார்மெண்ட்ஸில் குடும்பத்தோடு வரச்சொல்லியிருந்தார்கள். மிஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். பொரிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டே வந்த மேனேஜர், இந்த லைனைப் போல வேறு லைன் இல்லை என்று கன்னடத்தில் சித்தியைப் புகழ்ந்தார். என்னால் அடக்க முடியவில்லை. எல்லாம் என் அம்மா சொல்லிக்கொடுப்பது, சித்திக்கு ஒன்றும் தெரியாது என்று நானும் கன்னடத்திலேயே கத்திவிட்டேன்.

மேனேஜர் அம்மா பக்கம் திரும்பினார். அப்படியானால் நேற்று டார்கெட் ஏன் குறைந்தது, நீயே சொல் என்று அதட்டினார். அது அவருடைய வழக்கமான குரல்தானாம். அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பேசு, பேசு என்று நான் அவளையே முறைத்துக்கொண்டிருந்தேன். முந்தானையைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

சித்தி நடுவில் வந்து நின்றாள். "சார், சொல்லிக்குடுக்கறது அக்காதான், நெஜம். ஆனா அவகிட்டக் கத்தாதீங்க. எங்கிட்டக் கத்துங்க. நான் திருப்பிக் கத்துவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்தார். எனக்கு மட்டும் அழுகை வந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "மொதல்ல என்னத்தான்டி கேட்டாங்க. அவளப் போடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

அதைக் கேட்டதும் கோபம் இரண்டு மடங்காயிற்று. சித்தியோடு இப்போது அம்மாவும் சேர்ந்துவிட்டாள். ஒரு வாரம் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மாவைக் கோழை என்றும் சித்தியைத் திருடி என்றும் மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

ஒரு சட்டை ஒழுங்காகத் தைக்கப்படுவதற்கு அந்த மேனேஜர் எதற்காகக் கத்தவேண்டும் என்ற கேள்வி மட்டும் எனக்கு அப்போது தோன்றவே இல்லை.