பூசத்துக்குப் பூசம் ஒரு வருஷமா?

சின்னையா அங்கிள் முதன்முதலாக என் அலுவலகத்துக்கு வந்தபோது ஒரு தள்ளுவண்டியையும் லிஃப்டில் ஏற்றிக்கொண்டு வந்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேலே மூன்றாம் மாடி. நாலு பேர் நின்றாலே மூச்சு முட்டுகிற லிஃப்ட் அது.

"கீழயே விட்டுட்டு வந்திருக்கலாமே அங்கிள்" என்றேன்.

"விட்டா எவனாவது பாத்துட்டுப் போயி செஞ்சிருவான் மேடம். எனக்கு அனுபவம் இருக்கு லா."

நான் காப்புரிமை முகவர். ஒருவர் புதிதாக ஏதாவது கண்டுபிடித்தால், அது அவருடையதுதான் என்று அரசாங்கத்திடம் எழுதி வாங்கித் தருவது என் வேலை. கொள்ளுத்தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக இந்த மலாய் நாட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து எங்கள் குடும்பம் படிவம் நிரப்பியே சாப்பிடுகிறது. ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்ட நானே கோட்டை விட்ட கதை இது என்பதால் பெருமையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

அங்கிளுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் முப்பத்தொரு வருஷம் ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாய் சும்மா இருக்காது, கை அதைவிடச் சும்மா இருக்காது. எதைப் பார்த்தாலும் பிரித்து, இன்னும் கொஞ்சம் நன்றாக ஓடுகிற மாதிரி பூட்டிவிடுவார். கிடங்கில் மூட்டை சரியாமல் இருக்க அவர் செய்த ஒரு கொக்கிக்குப் பரிசு வாங்கியவர் சூப்பர்வைசர். கன்டீன் சுவரில் படம் மாட்டினார்களாம், கொக்கியோடு சூப்பர்வைசர் சிரிக்கிற படம். அதற்குக் கீழே உட்கார்ந்துதான் அங்கிள் பதினான்கு வருஷம் நாசி லெமாக் சாப்பிட்டிருக்கிறார்.

"எனக்கு வேற ஒன்னும் வேணாம் மேடம். சர்க்கார் முத்திரையோட ஒரு காகிதம். அதுல இது சின்னையா செஞ்சதுன்னு இருக்கணும். நான் செத்தா கூடவே வெச்சு எரிச்சிரலாம்."

வண்டிக்கு அடியில் அரிசி வேகவைக்கிற குக்கர் அளவில் ஒரு பெட்டி இருந்தது. உள்ளே மோட்டார், பேட்டரி, ஒரு சின்னச் சக்கரம். எந்தத் தள்ளுவண்டிக்கு அடியிலும் அதை மாட்டிக்கொள்ளலாம். கைப்பிடியில் லேசாகக் கை வைத்துத் தள்ளினால் போதும், மிச்ச பாரத்தை மோட்டார் தள்ளும். அவர் மனைவி புஷ்பவல்லி ஆன்டி கிள்ளான் பாசார் சந்தையில் பூக்கடை வைத்திருக்கிறார். லோரியிலிருந்து இறங்குகிற பூக்கூடைகளையும் தண்ணீர் வாளிகளையும் சரிவில் தள்ளித் தள்ளி ஆன்டிக்குத் தோள்பட்டை போய்விட்டது. அதற்காகச் செய்ததுதான் இந்தப் பெட்டி. ஃபிளாட்டின் கார் பார்க்கில் ஆன்டி மேலும் கீழுமாக இருநூறு தடவையாவது ஓட்டிப் பார்த்திருப்பார் என்றார் அங்கிள்.

விண்ணப்பம் எழுதும்போது ஒரு கேள்வி கேட்டே ஆகவேண்டும். இதை வெளியில் யாருக்காவது காட்டியிருக்கிறீர்களா, எப்போது? தன் கண்டுபிடிப்பைத் தானே ஊருக்குக் காட்டியவர், காட்டிய ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். தாண்டினால் அது புதியது இல்லை என்று ஆகிவிடும்.

"போன தைப்பூசத்துக்கு எங்க கோயில் வண்டில ஒரு தடவ மாட்டினேன்" என்றார். "இன்னும் இந்தப் பூசமே வரலையே."

பூசத்துக்கு ஆறு நாள் இருந்தது. எனக்கும் அந்த வருஷம் பால்குட நேர்த்தி. விரதத்தில் இருந்தேன், மனசெல்லாம் பூசம்தான். போன பூசத்திலிருந்து இந்தப் பூசம் வரை ஒரு வருஷம், இதைக் கேட்பதற்கு ஒரு ஆளா என்று தலையாட்டிவிட்டேன். பிப்ரவரி ஐந்தாம் தேதி விண்ணப்பம் போனது.

ஒன்றரை வருஷம் கழித்துக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகரின் அறிக்கை வந்தது. இரண்டு ஆட்சேபணைகள். இரண்டாவதைப் பிறகு சொல்கிறேன். முதலாவதைப் படித்ததும் காலண்டரை எடுத்தேன், பிறகு தலையில் கை வைத்தேன். அங்கிள் காட்டிய பூசம் ஜனவரி இருபத்தைந்து. அடுத்த வருஷத்துப் பூசம் பிப்ரவரி பதினொன்று. பூசம் நிலவைப் பார்த்து வரும், சட்டம் காலண்டரைப் பார்த்து வரும். ஒரு வருஷமும் பதினோரு நாளும் ஆகியிருந்தது. ஒரு சீனரோ மலாய்க்காரரோ என் நாற்காலியில் இருந்திருந்தால் தேதி என்ன என்று கேட்டிருப்பார். இரண்டு தமிழர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பூசக் கணக்குப் போட்டதால் வந்த வினை. என்மேல் எனக்கு வந்த கோபத்தில் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

அறிக்கையில் ஆதாரமாக ஒரு காணொளி. நாற்பது வினாடி. கிள்ளானில் ஆற்றுப் பாலத்துப் பக்கம் ஒரு மேடு. வழக்கமாகப் பன்னிரண்டு பேர் மூச்சு வாங்கித் தள்ளுகிற சாமி வண்டி மூன்று பேர் கை பட்டதும் பூப்போல ஏறுகிறது. வண்டியைச் சுற்றித் தரை வரைக்கும் ஜரிகைத் துணி. பெட்டி கண்ணுக்கே தெரியவில்லை. பதிவுக்குக் கீழே கோயில் செயலாளர் எழுதியிருந்தார்: "முருகன் அருளால் தானாக மேடு ஏறிய ரதம்." மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். பாதிப் பேர் அரோகரா போட்டிருந்தார்கள்.

செயலாளர் பரமேஸ்வரன் வேறு யாரும் இல்லை, புஷ்பவல்லி ஆன்டியின் அண்ணன். அந்த ஒரு வரிக்காக அங்கிள் அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்.

"சூப்பர்வைசர்கூட சண்டை போடலாம் மேடம். முருகன்கூட எப்படிச் சண்டை போடுறது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்கும்போது வழியும் தெரிந்தது. "அங்கிள், அந்த வரிதான் நம்மளக் காப்பாத்தப் போவுது. வீடியோவப் பாக்கிறவனுக்கு முருகன்தான் தெரியறாரு, மோட்டார் தெரியல. அதப் பாத்து யாராலயும் உங்க பெட்டியச் செய்ய முடியாது. அப்ப அது கண்டுபிடிப்பக் காட்டின கணக்குல வராது. ஆனா அந்தப் பூசத்துலேர்ந்து பதினோரு நாளுக்குள்ள நீங்க வேற யார்கிட்டயாவது விளக்கிச் சொன்னீங்களா? உண்மையச் சொல்லணும்."

"யார்கிட்டயும் இல்ல. மச்சான்கிட்ட மட்டும்தான். மறுநாளே துணியத் தூக்கிக் காட்டி, இது முருகன் இல்ல, என் மோட்டாருன்னு அரை மணி நேரம் சொன்னேனே."

ஒரே ஒரு ஆளிடம் விளக்கினாலும், ரகசியமாக வைக்கச் சொல்லவில்லை என்றால், ஊருக்குச் சொன்ன மாதிரிதான். பொய் எழுதி அனுப்புகிற பழக்கம் எனக்கு இல்லை. அங்கிளைக் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனேன்.

பரமேஸ்வரன் கோயில் அலுவலகத்தில் அர்ச்சனைச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அங்கிள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கிள் துணியைத் தூக்கிக் காட்டினாரா என்று நான் கேட்டேன்.

"காட்டினாரு" என்றார். "துணிக்கு உள்ள ஒரு பொட்டி இருந்துச்சு. சீரியல் லைட்டுக்கு பேட்டரின்னு நெனச்சேன்."

அங்கிள் சுவரை விட்டுத் திரும்பினார். "மோட்டாருன்னு சொன்னேன்ல மச்சான். கைப்பிடிலேர்ந்து வயர் எப்படி வருதுன்னுகூடச் சொன்னேன்."

"சொல்லியிருப்பீங்க மாப்பிள. நீங்க பேசறப்ப நான் எங்க கேட்டேன்? அன்னிக்கு அன்னதானத்துக்கு எத்தன கிலோ பருப்பு மிஞ்சுச்சுன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தேன். ஆமா ஆமான்னு தலைய மட்டும் ஆட்டினேன்."

"அரை மணி நேரமா?"

"முப்பது வருஷமா."

உண்மையாக இருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். சாமி சத்தியமா உண்மைதான் என்று கற்பூரம் ஏற்றப் போனவரை நான்தான் தடுத்து, சத்தியப் பிரமாணத்துக்கு வேறு இடம் இருக்கிறது என்று கூட்டிப் போனேன். மாப்பிள்ளை பேசியது எதுவும் தன் காதில் ஏறவில்லை என்று பரமேஸ்வரன் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்திட்டார். வழக்குக்கு அது வெற்றி. காரில் திரும்பும்போது அங்கிள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது, சிரிப்பை அடக்கவும் கஷ்டமாக இருந்தது.

பரிசோதகரை நேரில் பார்க்க நாள் கேட்டோம். என்சிக் ருஸ்லான் (என்சிக் என்றால் மலாயில் ஐயா) அமைதியான மனிதர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசிப்பவர். காணொளியைப் பற்றி நான் சொன்னதையும் பரமேஸ்வரனின் பிரமாணத்தையும் பொறுமையாகப் படித்தார். "அந்த வரியோட மொழிபெயர்ப்பப் படிச்சப்போ, கண்டுபிடிச்சவங்க பட்டியல்ல ஒரு பேரு விட்டுப்போச்சோன்னு நெனச்சேன்" என்று மலாயில் சொல்லி லேசாகச் சிரித்தார். முதல் ஆட்சேபணை அத்தோடு போனது.

இரண்டாவதுதான் கடினம். ஜெர்மனியில் ஆஸ்பத்திரிக் கட்டில்களைத் தள்ளுகிற மோட்டார் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அதுவும் கை வைத்தால் நகரும், எடுத்தால் நிற்கும். "உங்களுதுல புதுசு என்ன?" என்று கேட்டார். பக்கங்களைப் புரட்டி, நான் ஏதோ சின்ன விவரம் என்று எட்டாவது பத்தியில் எழுதியிருந்த ஒன்றில் விரல் வைத்தார். "இது மட்டும் எங்கயும் இல்ல. கைப்பிடி ரெண்டு பாதி. ரெண்டு கையும் எடுத்தா நிக்குது. ஒரு கை மட்டும் எடுத்தா நிக்காம பாதி வேகத்துல போவுது. பொறியாளர் யாரா இருந்தாலும் பயந்து நிறுத்தத்தான் பாப்பாரு. நீங்க ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

அங்கிளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவரைக் கேள்வி கேட்டு, பதிலையும் கவனித்துக் கேட்கிற ஆள் கிடைப்பது அபூர்வம் அல்லவா.

"என் பொண்டாட்டியாலதான் என்சிக். நானும் ஜெர்மன்காரன் மாதிரிதான் முதல்ல செஞ்சேன். ஆம்பளைக்கு ரெண்டு கையும் சும்மாத்தான் இருக்கும். அவளுக்கு ஒரு கை எப்பவும் வேலையா இருக்கும். சேலை முந்தானையச் சொருகணும், போன எடுக்கணும், எதிர்ல வர்றவங்களுக்கு வணக்கம் சொல்லணும். ஒவ்வொரு தடவையும் வண்டி டக்குன்னு நிக்குது, வாளித் தண்ணி பூவுல ஊத்துது. ஒருநாள் கோவத்துல கைப்பிடிக்கு நடுவுல வாழை நாரக் கட்டினா. இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை, ஒன்ன எடுத்தா பாதியாப் போவட்டும், ரெண்டையும் எடுத்தா நிக்கட்டும்னா. அப்படியே செஞ்சேன்."

என்சிக் ருஸ்லான் எழுதிக்கொண்டார். அந்த விவரத்தை, இதுதான் எங்களுடையது என்று உரிமை கேட்கிற முதல் கோரிக்கைக்கு ஏற்றித் திருத்தி அனுப்பினால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். அங்கிள் எழுந்து நின்று இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எனக்குத்தான் ஒன்று உறுத்தியது. கார் நிறுத்தத்தில் வைத்துச் சொன்னேன்.

"அங்கிள், புதுசா இருக்கிறது அந்த ஒரு கை விஷயம் மட்டும்தான். அத யோசிச்சது ஆன்டி. கண்டுபிடிச்சவங்கன்னு அவங்க பேரும் வரணும். இல்லன்னா அது பொய்க் காகிதம்."

அவர் முகம் சுருங்கியது. "என்ன மேடம் இது? மோட்டார் நான் வெச்சது, வயர் நான் இழுத்தது, போர்டுல ஈயம் நான் வெச்சது. அவ ஒரு நாரக் கட்டினா. பூ கட்டுறவளுக்கு மோட்டாரப் பத்தி என்ன தெரியும்?"

எனக்குக் கோபம்தான். ஆனால் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்துவிட்டது போலிருந்தது. கார்க் கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார்.

"கிரீஸ் தொடைக்கிறவனுக்கு டிசைனப் பத்தி என்ன தெரியும்னுதான் அவனும் கேட்டான்" என்றார் கடைசியில். எவன் என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை, கன்டீன் சுவரில் சிரிக்கிற சூப்பர்வைசர்தான். "படிவத்தக் குடுங்க."

மறுநாள் காலை பாசாருக்குப் போனோம். ஆன்டி மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருந்தார், விரலெல்லாம் ஈரம். அங்கிள் காகிதத்தை நீட்டினார். ஆன்டி குனிந்து, கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"என் பேரு எதுக்கு?"

"ஒரு கை எடுத்தா பாதியாப் போவட்டும்னு நீதானே சொன்ன."

"சொன்னேன். அதுக்கு?"

"அது மட்டும்தான் புதுசாம். மிச்சமெல்லாம் ஜெர்மன்காரன் ஏற்கெனவே செஞ்சிட்டானாம்."

ஆன்டி சரத்தைக் கீழே வைத்தார். அங்கிளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "முப்பத்தி மூனு வருஷத்துல நான் சொன்ன ஒரு வார்த்தய நீங்க கேட்டீங்கன்னு கவர்மெண்டுக்கு எழுதிக் குடுக்கறீங்களா?"

"ஆமா" என்றார் அங்கிள்.

ஆன்டி முந்தானையில் கையைத் துடைத்தார். ஒருமுறை துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தார். அங்கிள் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவர் கையில் கொடுத்தார்.