அடித்தவனுக்குத்தான் இடம்

அந்தப் பள்ளியில் பாட்டு டீச்சரை ஒரு பயலும் மதித்ததில்லை. கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் முதலில் பறிபோவது அவளுடைய பீரியட்தான். பையன்கள் மண்டையை உடைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் ஹெட்மாஸ்டருக்கு அவள் ஞாபகம் வந்தது. விளையாட்டுச் சாமான் கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்து, இசையால் இதுகளை அடக்க முடியுமா பாருங்கள் என்றார்.

சண்டை போட்ட இரண்டு பேரையும் ஒரே டிரம்முக்கு எதிரெதிரே உட்கார வைப்பாள். ஒருத்தன் தட்டுவதை மற்றவன் அப்படியே திருப்பித் தட்ட வேண்டும். தப்பினால் முதலிலிருந்து. மூச்சு அடங்கி, கை சேர்ந்த பிறகுதான் பேச்சு. வேடிக்கை பார்க்க ஒருத்தருக்கும் அனுமதி கிடையாது. ஆள் பார்த்தால் எந்தப் பயல் இளகுவான்?

பலித்தது. பள்ளியே நடுங்கிய கரடி என்ற பையன்கூட அவள் முன்னால் பெட்டிப்பாம்பாய் அடங்கினான். அவனைத் தங்கம் என்றுதான் கூப்பிடுவாள்.

அவளுடைய மகனும் அங்கேதான் ஒன்பதாவது படித்தான். அப்பா இல்லாத பிள்ளை, வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாது. பள்ளிக்குள் அம்மா என்று கூப்பிடக் கூடாது, டீச்சர்தான் என்று அவனுக்குச் சட்டம். ஒருநாள் உதடு வீங்கி வந்து, அந்த ரூமில் நானும் உட்காரட்டுமா என்று கேட்டான்.

"அது அடிக்கிறவங்களுக்குடா. உனக்கு எதுக்கு?"

உதட்டுக்கு என்ன என்றதற்கு விழுந்துவிட்டதாகச் சொன்னான். நம்பினாள். நம்புவதுதானே சௌகரியம்! ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம். சொன்ன மகராசிக்குப் பிள்ளை இருந்திருக்காது.

கரடி அடிப்பதை விடவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டான், அவ்வளவுதான். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் அவள் மகனைச் சுவரோடு சாத்தி, உங்கம்மாவுக்கு நான்தான் தங்கம் என்று சொல்லிச் சொல்லி அடித்திருக்கிறான். இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒரு மத்தியானம் ஹெட்மாஸ்டர் அவள் மகனைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கரடியின் விரல்களைக் கதவிடுக்கில் வைத்து நசுக்கிவிட்டானாம். கரடியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்களாம். மகன் அழவில்லை. வாசலிலேயே நின்று மரியாதையாகக் கேட்டான்.

"இப்ப நான் உள்ள வரலாமா, டீச்சர்?"

விலகி வழி விட்டாள். அவன் போய் டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்தான். எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. வேறு ஆள் ஏது, அவளே உட்கார்ந்தாள். மகன் ஓங்கித் தட்டினான். திருப்பித் தட்ட அவளுக்குக் கை எழவில்லை.