ராகு காலத்தில் பார்த்த வண்டி

கோதண்டபாணிக்கு ஒரு பழக்கம். கைக்கடிகாரத்தின் முகம் மணிக்கட்டின் உள்பக்கம் இருக்கும்படி கட்டியிருப்பார். யாராவது கேள்வி கேட்க வாயெடுத்தால் கையைத் திருப்பி மணி பார்ப்பார். கேட்க வந்தவர் தன்னால்தான் நேரமாகிறது என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார். பெரியப்பா மகன் என்பதால் லோகாம்பாள் இதைப் பாவாடை கட்டிய வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறாள். எதற்கு என்று மட்டும் யோசித்ததில்லை. யோசித்திருந்தால் கழுத்துச் சங்கிலி தப்பியிருக்கும்.

லோகாம்பாள் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆண்கள் கூடி நிற்கிற இடத்தில் அவள் குரல் எழும்பாது. வீட்டில் பட்டு நூல் இழைப்பாள். கணவன் முருகேசன் ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடம் கார் ஓட்டினான். மதராஸிலிருந்து கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களையும், கோயில் பார்க்க வருகிறவர்களையும் ஏற்றி இறக்கச் சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்பது அவன் ஆசை. புது வண்டிக்குப் பணம் இல்லை. பழைய வண்டி என்றால் பெரிய காஞ்சிபுரத்தில், மரம் அறுக்கும் பட்டறைக்குப் பக்கத்தில், கோதண்டபாணியின் தகரக் கொட்டகைதான்.

"மெக்கானிக் அக்பர் பாயைக் கூட்டிக்கினு போய்ப் பாத்துட்டு வாங்கலாம்" என்றான் முருகேசன்.

"எங்க அண்ணன்கிட்ட வாங்கறதுக்கு மெக்கானிக் எதுக்குங்க? அவரு மனசு நோவாதா?" என்று தடுத்தவள் லோகாம்பாள்தான். சங்கிலியைக் கழற்றி விற்கக் கொடுத்தவளும் அவள்தான்.

அது அறுபத்தைந்தாம் வருஷம். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வரச்சொன்னார் கோதண்டபாணி. போனதும் காபி வந்தது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விசாரித்தார். கறுப்பு நிற லேண்ட்மாஸ்டர் கார் துடைத்து வைத்த குத்துவிளக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தது. சாவியைத் திருப்பியதும் கிளம்பியது.

"ஒரு சுத்து ஓட்டிப் பாத்துடட்டுமா மச்சான்?" என்று முருகேசன் கேட்டான்.

மணிக்கட்டு திரும்பியது. "அடடா, பத்தரைக்கு ராகு காலம் பொறக்குது மாப்ள! நல்ல நேரத்துல கைமாறட்டும்பா. ஆயுசு பூரா ஓட்டத்தானே போற, இன்னிக்கி என்னா அவசரம்?"

ராகு காலத்தில் வண்டி வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்? அவசர அவசரமாகப் பணம் கைமாறியது. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. முருகேசன் முதலாளியிடம் வேலையை விட்டுவிட்டு வந்தான்.

மூன்றாவது வாரம் ஒரு மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி பேசினார்கள். பூ அலங்காரம், முன்னால் நாகசுரம், பின்னால் பெண்கள் வரிசை. ராஜவீதி முனையில் கியர் பெட்டி மரம் பிளப்பதுபோல் ஒரு சத்தம் போட்டது. வண்டி நின்றுவிட்டது. மாப்பிள்ளையை உட்காரவைத்தே மண்டபம் வரைக்கும் தள்ளினார்கள். தவில்காரர் தள்ளுகிற தாளத்துக்கே அடித்தார். ஊர் சிரித்தது. அன்றிலிருந்து முருகேசனுக்குப் பேர் 'தள்ளு முருகேசன்'.

அக்பர் தன் பட்டறையில் கியர் பெட்டியைத் திறந்தார். எண்ணெயோடு குழைந்த மரத்தூள் கை நிறைய வந்தது.

"பல்லு தேஞ்சிருக்குதுமா. சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு தூள அடைச்சிருக்கான். நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருப்பான். அதான் ஒடனே கெளம்பிச்சு."

லோகாம்பாள் அண்ணனிடம் போய் நின்றாள். அவர் மணி பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நான் நல்ல நேரத்துலதான் குடுத்தேன் தங்கச்சி. உன் வூட்டுக்காரன் ஜாதகத்துல கோளாறு இருந்தா வண்டி என்னா பண்ணும்?"

அவள் வீட்டுக்கு வந்து நூல் இழைக்க உட்கார்ந்தாள். நூல் அறுந்தது. முடி போட்டாள், மறுபடியும் அறுந்தது.

வண்டி இரும்பு விலைக்குப் போனது. முதலாளி வேறு டிரைவர் வைத்துவிட்டதால் முருகேசன் அக்பரிடமே கூலிக்குச் சேர்ந்தான். லோகாம்பாள் தினமும் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோவாள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை மூலையில் உட்கார்ந்து அக்பர் செய்வதையெல்லாம் பார்ப்பாள். எந்தப் புகை எந்த நிறத்தில் வந்தால் என்ன கோளாறு, கதவின் அடியில் தட்டினால் எப்படி ஒலிக்க வேண்டும் என்று மெதுவாகக் கேட்டுக்கொள்வாள். கல்யாணங்களில் கோதண்டபாணியைப் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா அண்ணே" என்று சிரிப்பாள். அவர் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட விடவில்லை. தெருப் பிள்ளைகள் முருகேசனைப் பார்த்து "தள்ளு, தள்ளு" என்று கத்தும்போதெல்லாம் அண்ணன் முகம்தான் அவள் கண்ணுக்குள் வந்தது.

நாலு வருஷம் கழித்துத் திரும்பவும் கொஞ்சம் பணம் சேர்ந்தது.

"அண்ணன்கிட்டயே பாக்கலாம்" என்றாள். முருகேசன் சோற்றுக் கையோடு அவளை வெறித்துப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியனுப்பினாள். வேண்டுமென்றே பத்தரை தாண்டித்தான் கொட்டகைக்குள் நுழைந்தாள். கூட முருகேசன், அக்பர். ஐயம்பேட்டை விவசாயி அப்பாதுரையும் உறவுக்காரர்களோடு வண்டி பார்க்க வந்து உட்கார்ந்திருந்தார். கோதண்டபாணியின் மணிக்கட்டு திரும்பியது. முகம் மாறியது.

"என்னா தங்கச்சி இது, ராகு காலத்துல வந்துக்கினு? நாளைக்கி வாங்க."

"பரவாயில்லண்ணே. பன்னெண்டு மணிக்கு மேல முடிச்சிக்கலாம். அதுவரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கப் போறோம், பாய் வண்டியப் பாக்கட்டும்."

ஒன்றரை மணி நேரம். அவசரப்படுத்த அவரிடம் ஒரு நல்ல நேரமும் இல்லை. அப்பாதுரை எழுந்து வந்தார். "நல்ல யோசனைதான்மா. நாங்களும் பாக்கறோம்."

அவள் காட்டிய அம்பாசடரின் அடியில் அக்பர் படுத்தார். லோகாம்பாள் தன் வெள்ளைத் துண்டைக் கீழே விரித்தாள். கியர் பெட்டியின் திருகைக் கழற்றியதும் எண்ணெயோடு மரத்தூள் துண்டில் கொழகொழவென்று விழுந்தது.

"என்னாய்யா இது, வண்டியா மாட்டுத் தொட்டியா? தவுடு கலந்து வெச்சிருக்கற!" என்றார் அப்பாதுரை. அவர் ஆட்கள் சிரித்தார்கள்.

கோதண்டபாணி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, குடும்ப மானம்மா. உனக்கு என்னா வேணும் சொல்லு."

"நீங்க ஓட்டற வண்டி வேணும்ணே. அந்த பியட்டு. நான் கொண்டாந்த பணத்துக்கே."

ஊருக்கெல்லாம் ஓட்டை வண்டி விற்றவர் தனக்கென்று வைத்திருந்தது நல்ல வண்டி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார். காலையிலிருந்து ஓட்டாததால் வண்டி குளிர்ந்து நின்றது. அப்படியும் ஒரே தடவையில் கிளம்பியது. அப்பாதுரையையும் அவர் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு முருகேசன் ஐயம்பேட்டை வரைக்கும் போய் வந்தான். எங்கேயும் முனகல் இல்லை. பன்னிரண்டு அடித்த பிறகு பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள்.

லோகாம்பாள் குனிந்து அந்தத் துண்டைத் தூளோடு மடித்து எடுத்துக்கொண்டாள்.

"அது எதுக்குமா? அதான் வண்டி குடுத்துட்டேனே. யாருக்கும் காட்டமாட்டேன்னுதானே..."

"நான் அப்படிச் சொன்னேனா அண்ணே?"

அன்று சாயந்திரமே துண்டு தெருத்தெருவாகப் போனது. ஆண்கள் முன்னால் குரல் எழும்பாத லோகாம்பாள் ஒவ்வொரு வாசலிலும் நின்று அதைப் பிரித்துக் காட்டினாள். பேச்சு அதிகமில்லை. "எங்க அண்ணன் கடையில எடுத்தது" என்பாள், அவ்வளவுதான். அப்புறம் யார் வண்டி வாங்கப் போனாலும் ராகு காலத்தில் போனார்கள். சிலர் அவளையும் அழைத்துப் போனார்கள். அவள் கொட்டகையில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். அவளைக் கண்டதுமே கோதண்டபாணி வண்டி விலை போய்விட்டது என்பார்.

இரண்டு வருஷத்தில் கொட்டகையை மரப்பட்டறைக்காரரே வாங்கிக்கொண்டார். அண்ணனை மன்னித்துவிடு என்று சொந்தக்காரர்கள் தூது வந்தார்கள். லோகாம்பாள் அவர்களுக்குக் காபி கொடுத்து அனுப்பினாள்.

இப்போது எழுபத்தாறாம் வருஷம் நடக்கிறது. பியட் மதராஸுக்கும் காஞ்சிபுரத்துக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறது. கோதண்டபாணி பஸ்ஸில் போய் வருகிறார். லோகாம்பாள் அவரோடு பேசுவதில்லை.